முடிவு பிடித்திருந்தால் போதுமா?

கீழே உள்ள நான்கு வாக்கியங்களை நிதானமாகப் படியுங்கள்.

“ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளி மூடப்பட்டது. அங்குப் படித்த மாணவர்கள் பக்கத்து நகரத்துத் தேசியப் பள்ளிக்கு மாறினார்கள். இரண்டு ஆண்டுகளில் அவர்களுடைய மலாய்மொழிப் புள்ளிகள் உயர்ந்தன. ஆகவே, பள்ளி மாறியதுதான் அந்த உயர்வுக்குக் காரணம்.”

வினா: பின்வருவனவற்றுள் எது உண்மையாக இருந்தால் இந்த வாதம் மிகவும் பலவீனப்படும்?

அ. தாய்மொழிக் கல்வியே குழந்தையின் சிந்தனைக்கு அடித்தளம்.
ஆ. புதிய பள்ளி தொலைவில் இருப்பதால் பெற்றோருக்குப் போக்குவரத்துச் செலவு கூடியது.
இ. அதே இரண்டு ஆண்டுகளில், மூடப்படாத மற்றத் தோட்டத் தமிழ்ப்பள்ளிகளிலும் மலாய்மொழிப் புள்ளிகள் அதே அளவு உயர்ந்தன.
ஈ. தமிழ்ப்பள்ளியில் படித்த பலர் இன்று உயர்ந்த பதவிகளில் இருக்கிறார்கள்.

இந்த வினாவை எழுதியவன் நான். அதில் வரும் தோட்டமும் பள்ளியும் கற்பனை. புஞ்சாக் ஆலாமில் எங்கள் வீட்டுக்கு வார இறுதியில் டியூஷன் படிக்க வரும் ஐந்தாம் படிவ மாணவர்கள் எட்டுப் பேரிடம் இதைக் கொடுத்தேன். ஐவர் ‘அ’ என்றார்கள். ஒருவர் ‘ஈ’ என்றார். இருவர் மட்டுமே ‘இ’ என்று சரியாகச் சொன்னார்கள். ‘அ’ என்று சொன்ன மாணவி ஒருத்தியிடம் ஏன் என்று கேட்டேன். “அண்ணா, அதுதானே உண்மை?” என்று திருப்பிக் கேட்டாள்.

அவள் சொன்னது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் வினா அதைக் கேட்கவில்லை. மலாய்மொழிப் புள்ளி எதனால் உயர்ந்தது என்பதே வாதத்தின் பொருள். பள்ளி மாறாத மாணவர்களுக்கும் அதே அளவு புள்ளி உயர்ந்திருந்தால், பள்ளி மாற்றம்தான் காரணம் என்று சொல்ல வழியில்லை. வேறு ஏதோ ஒன்று எல்லாப் பள்ளிகளிலும் நடந்திருக்கிறது. தாய்மொழிக் கல்வியின் பெருமையை எவ்வளவு பேசினாலும் அந்த ‘ஆகவே’யை அசைக்க முடியாது.

இப்படிப்பட்ட சிறு வாதங்களை அலசும் திறமை தேர்வு மண்டபத்திற்கு மட்டும் உரியதன்று. நம் சமுதாயம் மேடையிலும் கூட்டத்திலும் தோற்கும் பல இடங்களில் நாம் தோற்பது இந்தத் திறமை இல்லாததால்தான். இதுவே என் கருத்து. இதைத் தமிழிலேயே பயிற்றுவிக்க வேண்டிய பொறுப்பு நம்மைப் போன்ற தமிழ்மொழிக் கழகங்களுக்கு உண்டு என்பதையும் சேர்த்துச் சொல்ல விரும்புகிறேன்.

எங்கெல்லாம் இந்த வினா வருகிறது?

இது நமக்குப் புதிய பாடம் அல்ல. 2020ஆம் ஆண்டு நான்காம் படிவத்திற்கு வந்த புதிய கணிதப் பாடத்திட்டத்தில் ‘பெனாக்குலான் லோகிக்’, அதாவது தருக்கச் சிந்தனை, என்ற ஒரு பாடமே இருக்கிறது. கூற்று, நிபந்தனைக் கூற்று, அதன் மறுதலை, பொது விதியிலிருந்து முடிவுக்கு வரும் வாதம், பல நிகழ்வுகளைக் கண்டு பொது விதிக்கு வரும் வாதம் என எல்லாம் அதில் உண்டு. அதற்கு முந்திய பாடத்திட்டத்திலும் ‘பெனாக்குலான் மாத்தெமாத்திக்’ என்ற பெயரில் இதன் பெரும்பகுதி இருந்தது. எஸ்.பி.எம். முடிந்ததும் பெரும்பாலோர் அதை மறந்துவிடுகிறோம்.

ஆனால் அந்த வினா நம்மை மறப்பதில்லை. அமெரிக்கா, கனடா சட்டக் கல்லூரிகளுக்கான எல்சாட் தேர்வு 1948 முதல் நடைபெறுகிறது. 2024 ஆகஸ்டிலிருந்து அதில் புதிர்ப் பகுதி நீக்கப்பட்டு, சிறு வாதங்களை அலசும் பகுதிக்கு இடம் கூட்டப்பட்டுள்ளது. வணிக மேலாண்மைப் படிப்புக்கான ஜிமாட் தேர்விலும் இத்தகைய வினாக்கள் உண்டு. பிரிட்டன், ஆஸ்திரேலிய மருத்துவக் கல்லூரிகள் பல கேட்கும் யூகேட் தேர்விலும் உண்டு. மேற்படிப்பு, உபகாரச் சம்பளம், வேலை என்று நம் முன்னாள் மாணவர்கள் எங்கே போனாலும் ஏதாவது ஒரு வடிவத்தில் இந்த நான்கு வாக்கியங்களைச் சந்தித்தே தீர வேண்டும்.

வாதத்தைப் பிரிக்கும் வழி எளிமையானது. முதலில் முடிவைக் கண்டுபிடிக்க வேண்டும். ‘ஆகவே’, ‘எனவே’, ‘ஆதலால்’ என்ற சொற்களுக்குப் பின்னால் பெரும்பாலும் முடிவு நிற்கும். ‘ஏனெனில்’, ‘காரணம்’ என்ற சொற்களுக்குப் பின்னால் ஆதாரம் நிற்கும். மலாய் வினாத்தாளில் ‘ஒலே இத்து’வும் ‘கெரானா’வும் இதே வேலையைச் செய்கின்றன. அடுத்து, ஆதாரத்திலிருந்து முடிவுக்குத் தாவ எந்தப் பலகை தேவைப்படுகிறது என்று பார்க்க வேண்டும். வாதம் செய்கிறவர் அந்தப் பலகையை வாய்விட்டுச் சொல்வதில்லை. அதுதான் எடுகோள். மேலே சொன்ன வினாவில், “பள்ளி மாறாமல் இருந்திருந்தால் புள்ளி உயர்ந்திருக்காது” என்பது எடுகோள். ‘இ’ அந்தப் பலகையைத்தான் உருவிவிடுகிறது.

மொழி மட்டும்தான் தடையா?

நம் மாணவர்கள் இத்தேர்வுகளில் தடுமாறினால் உடனே சொல்லப்படும் காரணம், “ஆங்கிலம் போதாது” என்பதுதான். இதில் பாதி உண்மை இருக்கிறது. தமிழ்ப்பள்ளியில் ஆறு ஆண்டு, பிறகு மலாய் வழியில் இடைநிலைப்பள்ளி, அதன்பின் ஆங்கிலத்தில் தேர்வு என்று மூன்று மொழிகளைத் தாண்டி வருகிறவர்களுக்கு வேகமாக வாசிப்பது சுமைதான். அதை மறுக்க மாட்டேன்.

ஆனால் என் எட்டு மாணவர்களும் அந்த வினாவைத் தமிழில் படித்தார்கள். அவர்களுக்குப் புரியாத சொல் அதில் ஒன்றுகூட இல்லை. எட்டுப் பேரை வைத்து ஒரு சமுதாயத்தை அளக்க முடியாது என்பது எனக்குத் தெரியும். ஆகவே ஆய்வாளர்கள் செய்த சோதனை ஒன்றைப் பார்ப்போம்.

ஜொனதன் எவன்ஸ், ஜூலி பார்ஸ்டன், பால் போலார்ட் ஆகிய மூவர் 1983இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பங்கேற்றவர்களிடம் சிறு வாதங்கள் தரப்பட்டன. சொல்லப்பட்ட கூற்றுகளிலிருந்து முடிவு கட்டாயமாக வருகிறதா என்று மட்டும் பார்க்கச் சொன்னார்கள். வாதம் முறையாகவும் முடிவு நம்பும்படியும் இருந்தபோது ஏற்றுக்கொண்ட விகிதம் 89 விழுக்காடு. வாதம் முறையாக இருந்தும் முடிவு நம்ப முடியாததாக இருந்தால் அது 56 விழுக்காடாகக் குறைந்தது. வாதம் பிழையாக இருந்தும் முடிவு நம்பும்படி இருந்தால் 71 விழுக்காடு! வாதமும் பிழை, முடிவும் நம்ப முடியாதது என்றால் 10 விழுக்காடுதான்.

நடுவில் உள்ள இரண்டு எண்களை ஒப்பிட்டுப் பாருங்கள். முடிவு பிடித்துவிட்டால், பிழையான வாதம்கூடச் சரியான வாதத்தைவிட அதிக வாக்கு வாங்கிவிடுகிறது. அவர்கள் தங்கள் சொந்த மொழியில் சோதனை எழுதிய ஆங்கிலேய மாணவர்கள். ஆங்கிலம் போதாது என்று அவர்களைச் சொல்ல முடியாது.

இதை நம் வீட்டுக்குள் கொண்டுவந்து பார்ப்போம். “தோட்டத் தொழிலாளர்கள் எல்லாரும் உழைப்பாளிகள். என் தாத்தா உழைப்பாளி. ஆகவே, என் தாத்தா தோட்டத் தொழிலாளி.” இந்த மூன்று வரிகளுக்கும் நம் மனம் உடனே தலையாட்டும். என் தாத்தா உண்மையில் தோட்டத் தொழிலாளிதான். ஆனாலும் வாதம் பிழை. உழைப்பாளிகளில் மீனவரும் உண்டு, லாரி ஓட்டுநரும் உண்டு. முடிவு தற்செயலாக உண்மையாக இருப்பது வாதத்தின் பிழையைக் கழுவிவிடாது.

பால்மரக் காட்டில் ஒரு தருக்கப் பாடம்

தருக்கம் படித்தவர்களின் சொத்து, தோட்டத்து மக்களுக்கு அது எட்டாது என்ற எண்ணம் நம்மிடமே இருக்கிறது. புக்கிட் செராக்கா, துவான் மீ, கோல்ஃபீல்ட்ஸ், ஜெராம் என்று எங்கள் பக்கத்துத் தோட்டப் பெயர்களைச் சொன்னால் ஒரு காலத்தில் பால்மரம், பிறகு செம்பனை, இப்போது வீடமைப்பு என்று மூன்று தலைமுறையின் கதை வரும். அந்த மக்களின் பேச்சில் தருக்கம் இருந்ததா?

பால்வெட்டில் எல்லாரும் அறிந்த ஒரு விதி உண்டு. காலையில் மழை பெய்து மரம் நனைந்திருந்தால் வெட்டு இல்லை. பட்டை ஈரமாக இருந்தால் பால் வெட்டிய கோட்டின் வழி மங்குக்கு வராமல் பட்டையெங்கும் வழிந்து வீணாகும்.

இப்போது ஒருவர், “இன்று வெட்டு இல்லை. ஆகவே காலையில் மழை பெய்திருக்கிறது” என்று சொன்னால்? பெரட்டுக்குப் போய் வந்த எந்தத் தாத்தாவும் சிரிப்பார். “ஏன், தீபாவளியாக இருக்கலாம். மரம் இலை உதிர்க்கிற காலமாக இருக்கலாம்” என்பார். “வெட்டு நடந்தது. ஆகவே மழை பெய்யவில்லை” என்றால் ஒத்துக்கொள்வார். நான்காம் படிவப் பாடநூலில் ஒரு நிபந்தனைக் கூற்றையும் அதன் திருப்பத்தையும் மறுதலையையும் பிரித்தறிவது இதுவேதான். இதைத் தாத்தாவுக்கு யாரும் கரும்பலகையில் எழுதிக் காட்டவில்லை.

இதற்கும் ஆய்வுச் சான்று உண்டு. பீட்டர் வேசன் என்ற உளவியலாளர் 1966இல் நான்கு அட்டைகள் கொண்ட ஒரு சோதனையை அறிமுகப்படுத்தினார். எழுத்தும் எண்ணும் எழுதிய அந்த அட்டைகளில் ஒரு விதி மீறப்பட்டிருக்கிறதா என்று அறிய எவற்றைத் திருப்பிப் பார்க்க வேண்டும் என்பதே கேள்வி. படித்தவர்களிலும் மிகச் சிலரே சரியாகச் சொன்னார்கள். 1982இல் கிரிக்ஸ், காக்ஸ் என்ற இருவர் அதே சோதனையை, “பீர் குடிப்பவருக்கு 19 வயதுக்கு மேல் இருக்க வேண்டும்” என்ற விதியாக மாற்றி அமெரிக்க மாணவர்களிடம் கொடுத்தார்கள். ஏறத்தாழ முக்கால்வாசிப் பேர் சரியாகச் செய்தார்கள். விதியின் வடிவம் ஒன்றுதான். பொருள் மட்டும் வாழ்க்கைக்குப் பழக்கமானதாக மாறியது.

தோட்டத்தில் இதையே கேட்டால், விதி மீறப்பட்டதா என்று சந்தேகப்படும் கங்காணி எந்த நாள்களைச் சோதிப்பார்? மழை பெய்த நாள்களையும் வெட்டு நடந்த நாள்களையும்தான். மழை இல்லாத நாளையும் வெட்டு இல்லாத நாளையும் அவர் தொடவே மாட்டார். வேசனின் சோதனைக்கு இதுதான் சரியான விடையின் வடிவம்.

அப்படியென்றால் தேர்வில் ஏன் தடுமாற்றம்? இதற்கு விடை அலெக்சாண்டர் லூரியா என்ற ரஷ்ய உளவியலாளரின் ஆய்வில் கிடைக்கிறது. அவர் 1931, 1932ஆம் ஆண்டுகளில் உஸ்பெகிஸ்தான் கிராமங்களுக்குச் சென்று பள்ளி செல்லாத விவசாயிகளிடம் பேசினார். பனி நிறைந்த தூர வடக்கில் கரடிகள் எல்லாம் வெள்ளை. நோவாயா செம்லியா தூர வடக்கில் உள்ளது. அங்குள்ள கரடி என்ன நிறம் என்று கேட்டார். நான் அங்கே போனதில்லை, போனவர்களைக் கேளுங்கள் என்ற பொருளில் பலர் பதில் சொன்னார்கள். சிறிது காலம் பள்ளி சென்றவர்களோ எளிதில் விடை சொன்னார்கள்.

அந்த விவசாயிகளை அறிவில்லாதவர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். பார்க்காததைப் பேசாதே என்பது வாழ்க்கைக்கு நல்ல விதி. தேர்வு வினா வேறு விதி கொண்ட விளையாட்டு. “சொன்னதை மட்டும் எடுத்துக்கொள். உன் அனுபவத்தையும் விருப்பத்தையும் சற்று நேரம் வெளியே நிறுத்து” என்பது அந்த விதி. என் மாணவி ‘அ’ என்று சொன்னதற்கும் இதுவே காரணம். அவளிடம் அறிவு இருந்தது. விளையாட்டின் விதியை யாரும் சொல்லித் தரவில்லை. சொல்லித் தந்தால் வந்துவிடும் என்பதற்கு, சிறிது காலமே பள்ளி சென்ற அந்த உஸ்பெக் விவசாயிகளே சாட்சி.

மணிமேகலை படித்த பாடம்

“இது மேல்நாட்டுச் சரக்கு, நமக்கு எதற்கு?” என்று கேட்கும் நண்பர்களும் இருக்கிறார்கள். அவர்கள் மணிமேகலையின் 29ஆம் காதையைப் புரட்டிப் பார்க்க வேண்டும். காஞ்சியில் அறவண அடிகள் மணிமேகலைக்கு அறம் உரைக்கும் இடம் அது. அறத்தைச் சொல்வதற்கு முன் அவர் அளவை இலக்கணத்தைச் சொல்லிக் கொடுக்கிறார். பக்கம், ஏது, திட்டாந்தம் என்று வாதத்தைப் பிரிக்கிறார். இந்த மலையில் நெருப்பு உண்டு என்பது பக்கம், அதாவது முடிவு. புகை இருப்பதால் என்பது ஏது, அதாவது ஆதாரம். அடுக்களையைப் போல என்பது திட்டாந்தம், அதாவது எடுத்துக்காட்டு.

அதோடு அவர் நிறுத்தவில்லை. வாதங்கள் எங்கே பிழைபடும் என்று போலிகளை வகைப்படுத்துகிறார். ஏதுப் போலி மூன்று வகை: அசித்தம், அநைகாந்திகம், விருத்தம். அவற்றுள் அநைகாந்திகம் நம் பேச்சுக்கு மிகவும் தேவைப்படுவது. காட்டும் காரணம் முடிவு உண்மையாகும் இடத்திலும் இருக்கிறது, உண்மையாகாத இடத்திலும் இருக்கிறது என்றால் அந்தக் காரணம் செல்லாது. ஓசை நிலையற்றது என்பதற்கு, ‘அது அறியப்படுகிறது’ என்று காரணம் சொன்னால் ஏற்க முடியாது. நிலையற்ற குடமும் அறியப்படுகிறது, நிலையான ஆகாயமும் அறியப்படுகிறது. ‘வெட்டு இல்லை, ஆகவே மழை’ என்பதும் இதே போலிதான்.

ஒரு தமிழ்க் காப்பியத்தின் நாயகி, எந்தச் சமயத்தை ஏற்பது என்று முடிவெடுக்கும் முன் வாதத்தைச் சோதிக்கக் கற்றுக்கொள்கிறாள். நாம் மணிமேகலை என்றதும் அமுதசுரபியை நினைக்கிறோம். இந்தக் காதையை அவ்வளவாகப் பேசுவதில்லை. யார் சொன்னார் என்று பார்க்காமல் சொன்னதன் உண்மையைப் பார்க்கச் சொல்லும் 423ஆம் குறளை மேடைதோறும் முழங்குகிறோம். பார்ப்பது எப்படி என்ற வழிமுறை இந்தக் காதையில் இருக்கிறது.

நீதிமன்றத்தில் ஒரு சிறு வாதம்

இதெல்லாம் ஏட்டுப் பேச்சு என்று நினைக்க வேண்டாம். நம் தமிழ்ப்பள்ளிகளின் தலைவிதியே ஒரு சிறு வாதத்தில் தொங்கியது. தமிழ், சீனப் பள்ளிகளுக்கு இடமளிக்கும் 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின் சில பிரிவுகள் கூட்டரசு அரசியலமைப்புக்கு முரணானவை என்று சில அமைப்புகள் வழக்குத் தொடுத்தன. அவர்களுடைய வாதத்தைச் சுருக்கினால் இப்படி வரும்:

“அரசியலமைப்பின் 152ஆவது விதிப்படி அதிகாரப்பூர்வக் காரியங்களுக்குத் தேசிய மொழியே பயன்பட வேண்டும். இப்பள்ளிகளில் தமிழும் சீனமும் போதனா மொழியாக இருப்பது அதிகாரப்பூர்வப் பயன்பாடு. ஆகவே, இவற்றுக்கு இடமளிக்கும் சட்டப் பிரிவுகள் செல்லாது.”

இதைக் கேட்ட நம்மில் எத்தனை பேர் ‘அ’ விடையைச் சொல்லியிருப்போம்! தமிழ் எவ்வளவு தொன்மையானது, நம் முன்னோர் இந்த நாட்டுக்கு எவ்வளவு உழைத்தார்கள் என்று பேசியிருப்போம். எல்லாம் உண்மைதான். ஆனால் முதல் கூற்றையும் அது தொடாது, இரண்டாம் கூற்றையும் தொடாது.

2021 டிசம்பரில் கோலாலம்பூர் உயர் நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது. தீர்ப்பு இரண்டாம் கூற்றைப் பிடித்தது. இப்பள்ளிகள் அந்த விதி சொல்லும் பொது அதிகார அமைப்புகள் அல்ல. ஆகவே அங்குத் தமிழிலும் சீனத்திலும் கற்பிப்பது அதிகாரப்பூர்வக் காரியத்திற்கான பயன்பாடு ஆகாது. அதே 152ஆவது விதி, அதிகாரப்பூர்வக் காரியம் அல்லாதவற்றில் பிற மொழியைப் பயன்படுத்தவும் கற்கவும் கற்பிக்கவும் யாரையும் தடுக்கக்கூடாது என்கிறது. 2023 நவம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் இப்பள்ளிகளுக்குச் சாதகமாகவே தீர்ப்பளித்தது.

நம் பள்ளிகள் நிலைத்தது எதிர்வாதத்தில் எந்தக் கூற்று நிற்கவில்லை என்று சரியாகக் கண்டுபிடித்ததால். இதை நாம் மறக்கக்கூடாது.

நம் பக்கத்து ஓட்டைகள்

இனிச் சொல்லப்போவது சிலருக்குக் கசக்கலாம். நாம் நம் பள்ளிகளுக்காகச் சொல்லும் வாதங்களையும் அதே தராசில் வைக்க வேண்டும்.

ஒன்று: “இன்னார் தமிழ்ப்பள்ளியில் படித்து மருத்துவரானார். ஆகவே தமிழ்ப்பள்ளி தரமானது.” இது அறவண அடிகள் சொன்ன அநைகாந்திகம். தமிழ்ப்பள்ளியில் படித்து மருத்துவர் ஆனவரும் உண்டு, இடைநிலைப்பள்ளியைப் பாதியில் விட்டவரும் உண்டு. மேடை ஏறியவரை மட்டும் எண்ணி முடிவு கட்ட முடியாது.

இரண்டு: எதிர்த்தரப்பின் வாதம். “தமிழ்ப்பள்ளியில் படித்த பலர் முதலாம் படிவத்தில் மலாய்மொழியில் தடுமாறுகிறார்கள். ஆகவே தமிழ்ப்பள்ளி தரமற்றது.” இதுவும் அதே ஓட்டைப் பாத்திரம். அதே வருமானம், அதே குடும்பச் சூழல், அதே பாலர்பள்ளி வாய்ப்பு உள்ள பிள்ளைகள் வேறு பள்ளியில் எப்படிப் படித்தார்கள் என்று ஒப்பிடாமல் பழியைப் பள்ளியின் தலையில் போட முடியாது. முதல் வாதத்திற்குக் கைதட்டிவிட்டு இரண்டாவதைப் பார்த்துக் கோபப்படுவது நியாயமா? இரண்டும் ஒரே அச்சில் வார்த்தவை.

மூன்று: “தமிழ்ப்பள்ளி இல்லையென்றால் இந்நாட்டில் தமிழ் இல்லை.” இதை நான் நம்புகிறேன். ஆனால் இதிலிருந்து, “தமிழ்ப்பள்ளி இருக்கிறது, ஆகவே தமிழ் இருக்கும்” என்று நாம் சத்தமில்லாமல் தாவிவிடுகிறோம். மழை பெய்தால் வெட்டு இல்லை என்பதிலிருந்து, மழை பெய்யவில்லை, ஆகவே வெட்டு உண்டு என்று தாவுவது போன்றது இது. பள்ளி தேவைதான், ஆனால் அது மட்டும் போதாது. ஆறாம் ஆண்டு முடிந்து தேசிய இடைநிலைப்பள்ளிக்குப் போன பிறகு எஸ்.பி.எம்.இல் தமிழை எடுக்காமல் விட்டுவிடும் மாணவர்கள் நம் கண்முன்னே இருக்கிறார்கள். பள்ளிக் கட்டடத்தைக் காப்பாற்றிவிட்டோம் என்ற நிம்மதியில் அவர்களைக் கவனிக்காமல் விடுகிறோம் என்றால், அந்த அலட்சியத்தின் வேர் ஒரு தருக்கப் பிழையில் இருக்கிறது.

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. தமிழ்ப்பள்ளி இருப்பது நமக்கு உரிமை. நாமோ அந்த உரிமையைத் தேர்ச்சி விழுக்காட்டைக் காட்டி நியாயப்படுத்துகிறோம். “பாருங்கள், இத்தனை பேர் சிறப்புத் தேர்ச்சி பெற்றார்கள், ஆகவே எங்கள் பள்ளிகள் இருக்கட்டும்” என்கிறோம். இந்த வாதத்தின் எடுகோள் என்ன தெரியுமா? தேர்ச்சி இல்லாத பள்ளிக்கு இருக்க உரிமை இல்லை என்பது. நம் வாயாலேயே அதை ஒப்புக்கொள்கிறோம். ஓர் ஆண்டு விழுக்காடு இறங்கினால் நம் வாதமும் இறங்கிவிடும். உரிமைக்கான ஆதாரம் அரசியலமைப்பில் இருக்கிறது. தேர்ச்சி பற்றிய பேச்சு, பள்ளியை எப்படி மேம்படுத்துவது என்ற வேறு வாதத்திற்கு உரியது. இரண்டையும் கலக்கக்கூடாது.

கழகம் என்ன செய்யலாம்?

“தருக்கம் பேசினால் உணர்ச்சி வற்றிவிடும், மொழிப்பற்றே உணர்ச்சிதானே” என்று ஒரு மூத்த மாணவர் என்னிடம் சொன்னார். அவரை மதிக்கிறேன். உணர்ச்சி இல்லாமல் யாரும் கழகத்திற்கு வந்து இரவெல்லாம் பந்தல் அலங்காரம் செய்ய மாட்டார்கள். ஆனால் எதைக் காக்க வேண்டும் என்றுதான் உணர்ச்சி சொல்லும். எப்படிக் காப்பது என்று சொல்ல வாதம் வேண்டும். பிள்ளை மேல் பாசம் உள்ள தாய் மருந்துச் சீட்டைக் கவனமாகப் படிப்பாள். பாசம் இருக்கிறதே என்று படிக்காமல் ஊற்ற மாட்டாள்.

எனவே மூன்று யோசனைகளை முன்வைக்கிறேன்.

முதலாவது, நம் பட்டிமன்றங்களில் ஒரு சுற்றைச் சேர்ப்போம். அந்தச் சுற்றில் ஒவ்வோர் அணியும் எதிரணியின் வாதத்தை, எதிரணியே ‘ஆம், நாங்கள் சொன்னது இதுதான்’ என்று ஒப்புக்கொள்ளும்படி மூன்று வாக்கியங்களில் சொல்ல வேண்டும். பிறகு தன் அணியின் சொல்லப்படாத எடுகோள் ஒன்றைத் தானே எடுத்துக் காட்ட வேண்டும். கைதட்டல் குறையலாம். நடுவரின் வேலை நிச்சயம் நேர்மையாகும்.

இரண்டாவது, எல்சாட், ஜிமாட், யூகேட் போன்ற தேர்வுகளை எழுதிய முன்னாள் மாணவர்கள் ஆண்டுக்கு ஒரு சனிக்கிழமை வளாகத்திற்கு வந்து, வாதத்தைப் பிரிக்கும் முறையைத் தமிழில் கற்றுத்தர வேண்டும். முறை தமிழில் மனத்தில் பதிந்துவிட்டால் ஆங்கிலத்தில் அதைப் பயன்படுத்துவது வாசிப்பு வேகம் பற்றிய பிரச்சினை மட்டுமே. இரண்டு சுமையில் ஒன்று இறங்கும்.

மூன்றாவது, இந்த வினாக்களின் பொருள் நம் வாழ்க்கையாக இருக்க வேண்டும். வேசனின் அட்டைகளும் கிரிக்ஸின் பீர் விதியும் நமக்குக் கற்றுத்தருவது அதைத்தான். பால்மரம், வீடமைப்புத் திட்டம், தமிழ்ப்பள்ளி இடமாற்றம், மெட்ரிகுலேஷன் இடங்கள், கோயில் நிருவாகம் என்று நாம் அன்றாடம் வாதிடும் பொருள்களில் வினாக்கள் எழுதுவோம். பழகிய பொருளில் தொடங்கினால் விதி விரைவில் பிடிபடும். பிறகு நமக்குப் பிடித்த முடிவு கொண்ட பிழையான வாதங்களையும் வேண்டுமென்றே அவற்றில் சேர்க்க வேண்டும். அந்த வினாக்களில்தான் உண்மையான பயிற்சி இருக்கிறது.

அடுத்த ஆண்டு மலரில் இதற்கு இரண்டு பக்கம் ஒதுக்கும்படி ஆசிரியர் குழுவைக் கேட்டுக்கொள்கிறேன். பத்து வினா போதும். இரண்டை நான் எழுதித் தருகிறேன். மீதி எட்டை இதை வாசிக்கும் நீங்கள் அனுப்புங்கள். என் இரண்டில் ஓட்டை இருந்தால் அதையும் எழுதி அனுப்புங்கள்.